தோம்பில் எழுதிய விசுவாசம்: ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்திற் கிறிஸ்தவமும் கற்பனைக் கீழ்ப்படிவும்

இறைவனை விசுவசிப்பதற்கும் அவனுடைய கற்பனைகளைக் கைக்கொண்டு ஒழுகுவதற்கும் இடையிலுள்ள தொடர்பு யாது என்பது கிறிஸ்தவ சமய வரலாற்றின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். புதிய ஏற்பாட்டிலேயே இவ்வினா எழுந்துவிட்டது. மனிதன் தன் கிரியைகளின் பலத்தாலன்றி விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகின்றான் என்று பவுல் உரோமருக்கும் கலாத்தியருக்கும் வற்புறுத்தி எழுதினார். செயலில் வெளிப்படாத விசுவாசம் உயிரற்றது என்று யாக்கோபின் நிருபம் கூறிற்று. இவ்விரண்டும் முரணுவன போலத் தோன்றினும், பவுலே பிலிப்பியருக்கு எழுதுமிடத்து, பெற்ற மீட்பை வாழ்க்கையிற் செயற்படுத்திக் காட்டும்படி கேட்டுக்கொண்டமை நோக்கத்தக்கது. விசுவாசம் வேர், கீழ்ப்படிவு கனி என்பதே பெரும்பாலான திருச்சபைகள் பின்னர் கண்ட இணக்கமாகும்.

வேரின்றிக் கனியைச் சட்டத்தினால் உண்டாக்க முடியுமா என்பது இதிலிருந்து கிளைக்கும் மற்றொரு வினா. இறையியலாளர் இதனை நூல்களில் ஆராய்ந்தனர். யாழ்ப்பாண மக்களோ ஏறத்தாழ நூற்றுமுப்பத்தேழு ஆண்டுகள் இதனைத் தம் வாழ்க்கையில் எதிர்கொண்டனர். 1658 ஆம் ஆண்டிலிருந்து 1795 ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, தன் குடிகளைச் சீர்திருத்தக் கிறிஸ்தவராக்க முயன்றது. அம்முயற்சியின் அமைப்பையும் முடிவையும் ஆராய்வது இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை அறிய உதவும்.

ஒல்லாந்தர் கொணர்ந்த கோட்பாடு

ஒல்லாந்தர் கொண்டுவந்த சமயம் கல்வின் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையின் சமயமாகும். அத்திருச்சபை தன் போதனைக்கு அடிப்படையாகக் கொண்ட நூல்களுள் முதன்மையானது ஹைடல்பேர்க் வினாவிடை. ஜேர்மனியிற் பலற்றினேற்றுச் சிற்றரசை ஆண்ட மூன்றாம் பிரெடெரிக்கின் ஆணையின்படி 1563 இல் வெளிவந்த இந்நூல் 129 வினாக்களும் விடைகளும் கொண்டது. ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பகுதி போதிக்கப்படத்தக்கதாக 52 பகுதிகளாக இது வகுக்கப்பட்டது. 1618-1619 இல் ஒல்லாந்திற் கூடிய டோர்ட் திருச்சபைப் பேரவை இதனை உறுதிப்படுத்தியது.

இந்நூலின் அமைப்பு இவ்வாராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. மனிதனின் இழிநிலை, அவனுடைய மீட்பு, மீட்புக்கு அவன் செலுத்தும் நன்றி என மூன்று பாகங்களாக நூல் அமைந்துள்ளது. லூத்தர் 1529 இல் எழுதிய சிறிய வினாவிடையிற் பத்துக் கற்பனைகள் தொடக்கத்திலேயே வருகின்றன. ஹைடல்பேர்க் வினாவிடையிலோ அவை மூன்றாம் பாகத்தில், நன்றியென்னுந் தலைப்பின்கீழ் விரிவாக விளக்கப்படுகின்றன. இது வெறும் வரிசை வேறுபாடன்று. கற்பனைகளைக் கைக்கொள்வது மீட்பைப் பெறுவதற்குக் கொடுக்கும் விலையன்று, மீட்கப்பட்டவன் நன்றியினால் மனமுவந்து செய்யும் செயல் என்னும் கோட்பாடே இவ்வைப்புமுறையில் அடங்கியுள்ளது. விலையாகக் கொடுப்பதைக் கட்டாயப்படுத்திப் பெறலாம். நன்றியைக் கட்டாயப்படுத்திப் பெற இயலாது.

நான்காங் கற்பனையாகிய ஓய்வுநாட் கற்பனைக்கு அந்நூல் தரும் விளக்கமும் ஈண்டுக் கருதற்பாலது. அவ்விளக்கம் இருபாற்பட்டது. குருத்துவப் பணியும் பள்ளிகளும் பேணப்படல், ஓய்வுநாளில் ஆலயத்துக்கு ஒழுங்காகச் செல்லல் என்பன ஒருபால். வாழ்நாள் முழுவதும் தீச்செயல்களிலிருந்து ஓய்ந்து, இறைவனின் ஆவி தன்னுள்ளே செயற்பட இடந்தருதல் மற்றொருபால். முன்னது வெளியிலிருந்து காணத்தக்கது, எண்ணத்தக்கது, தண்டம் விதிக்கத்தக்கது. பின்னது அத்தகையதன்று. யாழ்ப்பாணத்திற் கம்பனியின் கைக்கு எட்டியது முன்னதே.

பள்ளியும் ஆலயமும் தோம்பும்

1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் அதனைக் கோவிற்பற்றுக்களாகப் பிரித்து, ஊர்தோறும் ஆலயங்களை எழுப்பியிருந்தனர். 1658 இற் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அவ்வாலயங்களைத் தமதாக்கினர். சுரூபங்கள் அகற்றப்பட்டன, பிரசங்க பீடங்கள் வைக்கப்பட்டன. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு முதலிய ஊர்களின் கத்தோலிக்க ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. அதே ஆண்டிற் கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடமளிப்போர்க்கு மரணதண்டனை விதிக்கும் கட்டளையும் பிறப்பிக்கப்பட்டது.

இப்பணியின் தொடக்கத்தில் முன்னின்றவர் பிலிப்பு பால்தேயஸ் பாதிரியாராவர். யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய அவர் நாடு திரும்பியபின் 1672 இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூல் அக்கால யாழ்ப்பாணத்தை அறிய உதவும் சிறந்த மூலங்களுள் ஒன்று. கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள் என்பவற்றைத் தமிழிற் பிள்ளைகள் மனனஞ் செய்ய வேண்டும் என்பது அவர்காலப் போதனையின் அடிப்படை. 1663 அளவில் யாழ்ப்பாணப் பகுதியிற் கிறிஸ்தவரெனக் கணக்கிடப்பட்டோர் தொகை அடிமைகள் நீங்கலாக அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டதாகும். இத்தொகையைக் கண்டு அவர் மகிழ்ந்தாரெனினும், பெயராற் கிறிஸ்தவராயினோர் பலர் பழைய வழிபாடுகளை விட்டிலர் என்பதையும் மறைத்தாரல்லர்.

குருமார் மிகச் சிலரே. அவருள்ளும் தமிழறிந்தோர் அருமை. எனவே ஊரிற் சபையின் வேலையைச் செய்தவர் பள்ளிக்கூடச் சட்டம்பியாரே. அவரே பிள்ளைகளுக்கு எழுத்தும் செபமும் கற்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளிற் பிரசங்கத்தை வாசித்தார். ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பள்ளிக்கூடத் தோம்பிற் பதிந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் தண்டம் இறுத்தனர். 1690 இல் நல்லூரிலே செமினரியொன்று நிறுவப்பட்டது.

இத்தோம்பின் ஆற்றல் சமய எல்லையைக் கடந்து நின்றது. தோம்பிற் பதியப்பட்ட விவாகமே சட்டத்துக்கு அமைந்த விவாகம். அவ்விவாகத்திற் பிறந்த பிள்ளைக்கே முதுசொத்தில் ஐயமற்ற உரிமை. முதலியார் முதலிய உத்தியோகங்களுக்கு ஞானஸ்நானம் பெற்றிருத்தல் வேண்டும். காணியும் கலியாணமும் கௌரவமும் ஒரே ஏட்டில் தங்கியிருந்தமையால், அந்த ஏட்டிற் பெயரில்லாத குடும்பம் ஊரில் வாழ்தல் அரிதாயிற்று. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் ஒருவன் பிள்ளையை ஆலயத்துக்குக் கொண்டுசென்றமைக்குக் காரணம் விசுவாசமா, வயற்காணியா என்பதை அவனையன்றி வேறெவரும் அறிந்திருக்க முடியாது.

மக்கள் இரு வாழ்க்கை வாழப் பழகினர். ஆலயத்திற் பதிவும் வீட்டிற் சைவக் கிரியையுமாகத் திருமணங்கள் நிகழ்ந்தன. விரத நாட்களில் உண்ட வாழையிலையை வெளியே எறிந்தாற் பிறர் அறிவரென்று அஞ்சி, கூரையின் இறப்பிற் செருகி மறைத்தனர் என்னும் செவிவழிச் செய்தி யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வழங்கிவந்துள்ளது. பறங்கியராட்சியைப் பற்றிச் சொல்லப்படும் இச்செய்தியைச் சான்றாவணமாகக் கொள்ள இயலாதெனினும், சட்டம் கண்ட சமயமும் வீடு கண்ட சமயமும் வேறுபட்டிருந்தமை மக்கள் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

இரண்டு கணக்குகள்

ஒல்லாந்தத் திருச்சபையிடம் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று ஞானஸ்நானம் பெற்றோர் கணக்கு. மற்றையது கர்த்தருடைய இராப்போசனத்திற் பங்குபெறும் முழு உறுப்பினர் கணக்கு. முன்னது கம்பனிக்கு வேண்டியது. பின்னது குருமாரின் மனச்சாட்சியைப் பொறுத்தது. விசுவாசத்தையும் வாழ்க்கையையும் ஆராய்ந்தறியாது ஒருவரைத் திருவிருந்துக்குச் சேர்க்கலாகாதென்பது அவர்தம் வினாவிடையின் போதனை.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் 1850 இல் வெளியிட்ட 'இலங்கையிற் கிறிஸ்தவம்' என்னும் நூலில் 1760 ஆம் ஆண்டுக்குரிய இவ்விரு கணக்குகளையும் அருகருகே தந்துள்ளார். யாழ்ப்பாணத்திற் கிறிஸ்தவராகப் பதியப்பட்டோர் 182,226 பேர். அவருட் சபையின் முழு உறுப்பினர் 64 பேர். மன்னாரில் 9,820 பேருக்கு 5 பேர். காலி, மாத்தறைப் பகுதிகளில் 89,077 பேருக்கு 36 பேர். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இது ஏறத்தாழ 2,850 பேருக்கு ஒருவர் என்றாகின்றது. தமிழ் நாட்டினர்க்கும் சிங்கள நாட்டினர்க்குமிடையே இவ்விகிதத்திற் பெரிய வேறுபாடு காணப்படாமையால், காரணத்தை ஓரின மக்களின் இயல்பிலன்றி அமைப்பிலேயே தேடவேண்டும்.

இக்கணக்கை விளங்கிக்கொள்ளுமிடத்து இரண்டு எச்சரிக்கைகள் வேண்டப்படும். முதலாவது, 182,226 என்னுந் தொகையுட் சைவராக வாழ்ந்தோர் மட்டுமன்றி, மறைவிற் கத்தோலிக்கராக வாழ்ந்தோரும் அடங்குவர். சொத்துரிமை கருதி அவரும் தம் விவாகங்களை ஒல்லாந்த ஆலயத்திற் பதியவேண்டியிருந்தது. இரண்டாவது, 64 பேர்க்கு வெளியே உண்மை விசுவாசி ஒருவரும் இலரெனக் கொள்வது பொருந்தாது. ஒல்லாந்தத் திருச்சபையில் உண்மையான சமயப்பணி நடைபெற்றது என்பதற்கு வண. பிலிப்பு தெ மெல்லோ சான்றாவார். இந்நாட்டிற் பிறந்து அச்சபையிற் குருவான இவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். அது 1759 இற் கொழும்பில் அச்சேறியது. மேற்காட்டிய கணக்குக்கு ஓராண்டு முற்பட்டது இது. நூற்றாண்டுக் காலம் தண்டத்தினாற் சமயம் பரப்பப்பட்ட நாட்டிற் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சில் வருமுன் மூன்று தலைமுறைகள் கடந்துவிட்டன என்பதும் சிந்திக்கத்தக்கது.

இரு திருவருட்சாதனங்களையும் பிரித்து, ஒன்றை எல்லோர்க்கும் மற்றொன்றை மிகச் சிலர்க்கும் வழங்குவது முறையா என இலங்கைக் குருமாருக்கும் தாயகத் திருச்சபையினர்க்கும் இடையே விவாதம் நிகழ்ந்தது. ஞானஸ்நானத்தை நிறுத்தினாற் கம்பனியின் நிருவாகம் தடைப்படும். இராப்போசனத்தை எல்லோர்க்கும் வழங்கினாற் குருவின் மனச்சாட்சி உறுத்தும். இச்சிக்கலுக்கு அவ்வமைப்பினுள்ளே தீர்வு இருக்கவில்லை.

எக்கற்பனைகள் வற்புறுத்தப்பட்டன?

கீழ்ப்படிவு கோரப்பட்டது என்று மட்டுங் கூறின் வரலாறு முழுமையுறாது. எதிலே கோரப்பட்டது, எதிலே கோரப்படவில்லை என்பதையும் நோக்க வேண்டும். அந்நிய தெய்வ வழிபாட்டையும் சுரூபங்களையும் விலக்கும் கற்பனைகளும் ஓய்வுநாட் கற்பனையும் அரசின் கட்டளைகளாயின. அயலானைப் பற்றிய கற்பனைகளின் நிலை வேறு.

ஹைடல்பேர்க் வினாவிடை, கொலை செய்யாதிருக்கும் கற்பனையை அயலானிடம் பொறுமையும் இரக்கமும் காட்டும் கடமையாக விரித்துரைக்கின்றது. களவு செய்யாதிருக்கும் கற்பனையின்கீழ்க் கள்ள நிறைகளையும் ஏமாற்று வாணிகத்தையும் சேர்க்கின்றது. ஆயின் இவ்வினாவிடையைப் போதித்த சபைக்கு ஊதியம் வழங்கியது, குடிகளிடம் ஊழியமென்னும் கட்டாய வேலையையும் சாயவேரையும் பெற்றுவந்த வணிகக் கம்பனியே. பால்தேயஸ் காலத்துக் கணக்கில் அடிமைகள் 2,587 பேர் தனியாக எண்ணப்பட்டுள்ளனர். 1707 இல் தேசாதிபதி சைமன்ஸின் பணிப்பின்படி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, அடிமைகளைப் பற்றிய விதிகளையும் ஏனைச் சொத்து விதிகளோடு சேர்த்துப் பதிந்தது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்போரைப் பற்றிய ஏற்பாடுகள் அதிற் காணப்படுகின்றன.

ஓர் ஊரின் உடையாரும் அவர் வீட்டு அடிமையும் ஒரே ஆலயத்தின் தோம்பிற் கிறிஸ்தவராகப் பதியப்பட்டிருக்க இடமுண்டு. உடையார் ஞாயிற்றுக்கிழமை வராவிடில் அது குற்றம். தம்மோடு ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னவனை அவர் விற்பின் அது உரிமை. இத்தகைய கீழ்ப்படிவினால் அடிநிலையிலிருந்த மனிதன் பெற்ற பயன் யாது என்ற வினாவுக்கு ஒல்லாந்தர் காலச் சமய முறைமையிடம் விடையில்லை. அடிமைத்தனம் சட்டத்தினால் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844 இலேதான்.

தடைசெய்யப்பட்ட விசுவாசம்

இதே காலத்தில் இதே மண்ணில் மற்றொரு கிறிஸ்தவம் எதிர்மாறான நிலையில் வாழ்ந்தது. கத்தோலிக்கத்துக்கு ஆலயமில்லை, பள்ளியில்லை, குருமாரில்லை. அதனை விட்டு விலகுவதால் நன்மையும் கைக்கொள்வதால் ஆபத்துமே உண்டாயின.

1687 இற் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். 1651 இற் பிறந்த அவர் ஐரோப்பியரல்லர். கொங்கணி பேசும் கோவாக் குடும்பத்தினர். இரவிற் பூசை, பகலில் மறைவு என்றவாறு சில்லாலையை நடுவிடமாகக் கொண்டு அவர் பணியாற்றினார். யாழ்ப்பாணத்திற் கெடுபிடி மிகுந்தபோது கண்டியரசனின் நாட்டுக்குச் சென்றார். அங்கும் ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். பின்னர்க் கண்டியிற் பெரியம்மை பரவியபோது, உறவினராற் கைவிடப்பட்ட நோயாளரைச் சமயவேறுபாடு பாராது பேணினார். அரசன் அவர்பால் நம்பிக்கை கொண்டமைக்கு இதுவும் காரணமாயிற்று. 1711 இற் கண்டியிற் காலமான அவர் 2015 ஆம் ஆண்டு கொழும்பிற் பாப்பரசர் பிரான்சிசினாற் புனிதராக உயர்த்தப்பட்டார். 1705 இல் வந்து அவர் பணியைத் தொடர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ், சாங்கோபாங்க சுவாமிகள் எனத் தமிழ்க் கத்தோலிக்கர் போற்றும் புலமையாளர். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல யாத்து, 1742 இல் மறைந்தார்.

குருமார் ஆண்டில் ஒருமுறை வந்துபோவதே அரிதாயிருந்த ஊர்களில் மூப்பரும் அண்ணாவிமாரும் செபங்களை நடத்தினர், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தனர், மரணத்தறுவாயில் இருப்போர்க்குத் துணைநின்றனர். ஒல்லாந்தரின் சட்டம்பியாரும் கத்தோலிக்கரின் அண்ணாவியாரும் செய்த வேலையில் ஒற்றுமை பெரிது. வேறுபாடு, முன்னவரிடம் தோம்பும் தண்டமும் இருந்தன, பின்னவரிடம் அவை இருக்கவில்லை என்பதே.

எனினும் கத்தோலிக்க வரலாற்றை மாசற்றதாகக் காட்டுவது நடுநிலையாகாது. போர்த்துக்கேயர் ஆட்சியில் அச்சமயமும் அரசின் வாளோடு சேர்ந்தே நடந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் அக்காலத்திலேயே இடிக்கப்பட்டது. அரசின் துணையை இழந்த பின்னரே அது மக்களின் சமயமாக வேரூன்றியது என்பதுதான் இவ்வரலாற்றின் பாடம்.

தோம்பு மூடப்பட்ட வேளை

1795 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1799 இன் பிரகடனம் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் வழிபாட்டுச் சுதந்திரத்தையும் ஏற்றது. 1806 இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் என்னும் பிணைப்புத் தளர்ந்தது.

1802 இல் யாழ்ப்பாணத்துத் தமிழருட் புரட்டஸ்தாந்தராகக் கணக்கிடப்பட்டோர் 136,000 பேர் என்று தெனன்ற் குறிப்பிடுகின்றார். 1806 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த புக்கானன் என்னும் ஆங்கிலக் குரு, அச்சமயம் அங்கு அற்றுப்போய்விட்டதாகவும் ஆலயங்கள் பாழடைந்து கிடந்ததாகவும் எழுதினார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்தரிடையே பணியாற்றியவர் தரங்கம்பாடி வழிவந்த தமிழரான கிறிஸ்தியன் தாவீது ஒருவரே எனலாம். அவர் பின்னர் 1824 இற் கல்கத்தாவில் ஹீபர் அத்தியட்சரினாற் குருவாக்கப்பட்டார்.

நான்கு ஆண்டுகளில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் மதம் மாறினர் என இதனை விளங்கிக்கொள்வது தவறு. மாறியது மக்களின் விசுவாசமன்று, ஏட்டின் பயனேயாகும். தோம்பிற் பெயரிருப்பதால் வரும் ஆதாயம் நின்றதும் தோம்பே பொருளற்றதாயிற்று. வீட்டிலே அணையாதிருந்த விளக்கை மக்கள் கோவிலுக்கு எடுத்துச்சென்றனர். ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியிலேயே கெடுபிடி தளர, நல்லூர்க் கோவில் மீளவெழுந்திருந்தது. வண்ணார்பண்ணையிற் சிவன்கோவிலும் அமைந்திருந்தது. இவ்வாறிருக்க, தடையின்கீழ் வாழ்ந்த கத்தோலிக்கம் தடை நீங்கியபோது தேயாது வளர்ந்தது. சட்டத்தின் ஊன்றுகோலாற் சாதித்தது யாது என்பதற்கு இவ்வொப்புமையினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

அமெரிக்க மிஷனரிமாரும் பழைய சிக்கலின் புதிய வடிவமும்

1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய ஆலயங்களைப் பெற்றுத் திருத்தி அங்கே தம் பணியைத் தொடங்கினர். பாழின் நடுவே நின்றமையால் ஒல்லாந்தர் முறையின் தோல்வியை அவர் நாள்தோறும் கண்டனர். அவர் பின்பற்றிய சபைமரபும் மனமாற்றத்தின் அடையாளம் வாழ்க்கையிற் காணப்பட்ட பின்னரே ஒருவரை உறுப்பினராக்குவது. எனவே எண்ணிக்கையை நாடாது, ஆளையாராய்ந்து சேர்த்தனர். 1823 இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824 இன் உடுவில் மகளிர் பாடசாலையும் 1841 இல் தொடங்கிய உதயதாரகையும் அவர் பணியின் பெருஞ் சின்னங்களாம்.

ஆயினும் தண்டம் நீங்கிய இடத்தில் ஆதாயம் புகுந்தது. செமினரியிற் கற்ற ஆங்கிலமும் கணிதமும் அரசாங்க உத்தியோகத்துக்கு வழிகாட்டின. கிறிஸ்தவரென நெருங்கிப் பழகியோர் எல்லோரும் கிறிஸ்தவத்துக்காகவே வந்தனரா என்னும் ஐயம் மீண்டுமெழுந்தது. அச்செமினரியிற் கற்று, 1857 இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் பின்னாளிற் சைவராயினமை இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. இவர்களைப் போலிகள் எனல் தகாது. அரசன் ஆணையின்றித் தம் ஆராய்ச்சியினால் ஒரு சமயத்தை விட்டு மற்றொன்றைத் தழுவும் உரிமை அவர்க்கு இருந்தது என்பதே பழைய காலத்துக்கும் புதிய காலத்துக்கும் உள்ள வேறுபாடாகும். 1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு, செமினரி உத்தியோகக் கல்விக்கூடமாகிவிட்டது எனக் கருதியதும் அது மூடப்பட்டதற்கு ஒரு காரணமாகும்.

சாதி மற்றொரு சோதனை. ஒரே அப்பத்தையும் ஒரே கிண்ணத்தையும் பகிர்வது இராப்போசனம். ஆயின் ஆலயத்திற் பகிர்ந்தவர் வெளியே ஒரே பந்தியில் அமரத் தயங்கினர். அயலானை நேசிக்கும் கற்பனை வினாவிடையில் எளிதாகவும் கிணற்றடியில் அரிதாகவும் இருந்தது. 1930 ஐ அண்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பாடசாலைகளிற் சம ஆசனம் நடைமுறைப்படுத்தப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, நூற்றாண்டுக்கு மேற்பட்ட போதனைக்குப் பின்னும் அத்தயக்கம் நீங்கவில்லை என்பதைக் காட்டிற்று.

பெயரும் ஒழுக்கமும் பொருந்த வேண்டும் என்னும் வினா கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற் பங்குகொண்டு பின் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுகநாவலர், கிறிஸ்தவ கண்டனங்களுக்கு மறுமொழி கூறியதோடு அமைந்திலர். 1872 இல் வெளியிட்ட 'யாழ்ப்பாணச் சமயநிலை' என்னும் பிரசுரத்திற் சைவரிடையே கண்ட குறைகளையும் கடிந்துரைத்தார். தோம்பு தந்த பெயர்க்கிறிஸ்தவம் போலப் பிறப்புத் தந்த பெயர்ச்சைவமும் உண்டென்பதை அவர் உணர்ந்திருந்தார்.

முடிவுரை

ஒல்லாந்தர் தம் குடிகளுக்குப் போதித்த வினாவிடை, கற்பனைகளை நன்றியின் பாகத்தில் வைத்தது. அவர்களுடைய ஆட்சி அவற்றைத் தண்டத்தின் பாகத்தில் வைத்தது. ஒரு சமயம் தன் நூலிற் சொன்னதும் தன் ஆட்சியிற் செய்ததும் இவ்வாறு வேறுபட்டமையே அத்தோல்விக்கு முதற்காரணமாகும். கட்டாயம் கீழ்ப்படிவை உண்டாக்கியது. ஆயின் அக்கீழ்ப்படிவு இறைவனுக்கன்று, கம்பனிக்கே சென்றது. மக்கள் அவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர் என்பதை 1806 காட்டிற்று.

இதிலிருந்து கீழ்ப்படிவே வேண்டியதில்லை, உள்ளத்து விசுவாசம் மட்டும் போதும் என்னும் முடிவுக்கு வருதலும் பொருந்தாது. சில்லாலையில் இரவிற் கூடிய கத்தோலிக்கரும், தமிழில் வேதத்தை ஆக்க உழைத்த தெ மெல்லோவும், கண்டியில் அம்மை நோயாளரைப் பேணிய யோசேவாஸ் அடிகளும் கீழ்ப்படிந்தோரே. அவர்கள் கீழ்ப்படிவை எவரும் தோம்பிற் பதியவில்லை. பெற்றதாக நம்பிய மீட்பைச் செயலிற் காட்டினர் என்பதற்கு அவர்தம் செயல்களே பதிவாயின.

வட்டுக்கோட்டையிற் போர்த்துக்கேயர் நிறுவ, ஒல்லாந்தர் மாற்ற, இடையிற் கூரையிழந்து பாழாக, அமெரிக்கர் திருத்திய ஆலயம் 1947 இன் பின் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராலயமாக விளங்கிவருகின்றது. மூன்று நாட்டினர் வந்துபோன பின்னரும் அங்கே வழிபாடு தொடர்வதற்கு எந்தச் சட்டமும் காரணமன்று. வரவேண்டியதில்லாத காலத்திலும் வருவோர் இருப்பதே காரணம். 1760 இல் இராப்போசனத்திற் பங்குபெற்ற அறுபத்துநால்வரின் பெயர்களை இன்று அறிவார் அரியர். எனினும் யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்த வரலாற்றை எழுதப் புகுவோர், இலட்சத்து எண்பத்தீராயிரம் பேரின் கணக்கிலிருந்தன்று, அந்த அறுபத்துநால்வரிலிருந்தே தொடங்குதல் தகும்.